ஜப்பானியக் குடும்பத்தோடு முதல் இரண்டு வாரம்: பரிமாற்ற மாணவருக்கு

ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்குப் போகப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே நீங்கள் செய்யும் தப்பை அநேகமாக யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். குளியல் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டீர்களா? ஹோஸ்ட் அம்மா சிரித்த முகத்தோடு மறுபடி நிரப்புவார். மறுநாளும் நிரப்புவார். மூன்றாம் வாரம் பரிமாற்ற அமைப்பின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் போன் செய்து, “அந்த வீட்டில் கொஞ்சம்…” என்று இழுக்கும்போதுதான் விஷயம் உங்களுக்குத் தெரியவரும். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு உங்களுடையது. அதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: “கொரெதே ஈதெஸ்கா?” இப்படிச் செய்தால் சரியா என்று பொருள். முதல் வாரத்தில் இதை ஒரு நாளைக்கு இருபது முறை கேட்டாலும் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெட்டி கட்டும்போது

ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். சுவர்த் துளையில் இரண்டு தட்டைக் கம்பிகள் மட்டுமே நுழையும். நம் உருண்டை முள் பிளக் நுழையாது. போன், லேப்டாப் சார்ஜரில் பொடி எழுத்தில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் ஒரு சாதாரண அடாப்டர் போதும். நம் ஊர் ஹேர் டிரையர், கெட்டில் போன்றவை 230 வோல்ட்டுக்குச் செய்தவை, அங்கே சரியாகச் சூடேறாது. வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

மருந்தில் கவனம் வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஒரு மாதத்துக்கும், கடையில் நேரே வாங்கக்கூடியது இரண்டு மாதத்துக்கும் என்றால் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் போனால் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் சிரப்பும், சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரையும் வேண்டாம். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் ஆம்பெட்டமின் வகை மருந்துக்கு ஜப்பானில் முழுத் தடை. மருத்துவச் சீட்டு இருந்தாலும் தப்ப முடியாது.

கறிவேப்பிலை, மாம்பழம், பச்சை மிளகாய், பச்சைப் பருப்பு, விதைகள் எதுவும் வேண்டாம். தாவரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறிமுதல்தான். இறைச்சி கலந்த எந்தப் பண்டத்துக்கும் இதே கதி. பாக்கெட்டில் அடைத்து விற்பதாக இருந்தாலும் சரி. கடையில் சீல் வைத்து விற்கும் சாம்பார் பொடி, ரசப் பொடி பாக்கெட்டுகள் பிரச்சினை தராதவை. வீட்டில் அரைத்துப் பழைய பாட்டிலில் அடைத்த பொடியைப் பார்த்தால் சுங்க அதிகாரி கேள்வி கேட்பார், உங்களுக்குப் பதில் சொல்ல மொழி இருக்காது.

பரிசுப் பொருள் சிறிதாக இருக்கட்டும். தனித்தனியாகச் சுற்றிய கடலை மிட்டாய், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, கைத்தறித் துண்டு இவையெல்லாம் நல்ல தேர்வு. கடலை மிட்டாய் என்றால் வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நான்கு நான்காகக் கொடுக்காதீர்கள். ‘ஷி’ என்றால் நான்கு, சாவுக்கும் அதே ஒலி. ஊதுபத்தியும் வேண்டாம், எவ்வளவு மணமாக இருந்தாலும். அங்கே அது இறந்தவருக்கு முன் ஏற்றுவது, துக்க வீட்டுக்குக் கொடுப்பது. பரிசை இரண்டு கையாலும் நீட்டுங்கள். வாங்கியவர் உங்கள் முன்னால் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

வழியனுப்பு விழா என்று கையில் மருதாணி வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அது மங்க இரண்டு வாரம் ஆகும். பள்ளியில் பச்சை குத்தியதாக நினைப்பார்கள். தோடு, மூக்குத்தி, கையில் கட்டிய கயிறு ஆகியவற்றையும் பல பள்ளிகளின் விதிகள் அனுமதிப்பதில்லை. கழற்ற முடியாதது எதுவாக இருந்தாலும், ஏன் என்று இரண்டு வரி எழுதி ஒருங்கிணைப்பாளர் வழியாகப் பள்ளிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கேட்டுவிட்டு வந்தவருக்கு விதி வளையும். வந்தபிறகு விளக்கம் சொல்பவருக்கு அவ்வளவு எளிதில் வளையாது.

உங்கள் பெயர் என்ன?

தமிழர்களுக்கென்றே காத்திருக்கும் சிக்கல் இது. ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால். பள்ளியில் பெரும்பாலும் குடும்பப் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். விளைவு, முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் உங்கள் அப்பா பெயரைச் சொல்லி அழைப்பார். பெயர்ப் பட்டை, காலணி அலமாரி, வருகைப் பதிவேடு எல்லாவற்றிலும் அதுவே ஒட்டிவிட்டால் ஒரு வருடத்துக்கு மாற்றுவது கஷ்டம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மூன்று விஷயத்தை எழுதி அனுப்புங்கள்: கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயர், அதில் எது அப்பா பெயர் எது உங்கள் பெயர் என்பது, உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பது. அயல்நாட்டுப் பெயர்களை அவர்கள் கத்தகானா எழுத்தில் எழுதுவார்கள். அந்த எழுத்தில் ன் தவிர வேறு மெய்யெழுத்து தனியே நிற்காது. ல, ள, ழ, ர நான்குக்கும் ஒரே வரிசைதான். லோகேஷ் ‘ரோகேஷு’ ஆவார். கார்த்திக் ‘காருதிக்கு’ ஆவார். தமிழே ‘தமிரு’தான். பெயர் நீளம் என்றால் மூன்று அசைக்குள் ஒரு சுருக்கத்தை நீங்களே தேர்ந்து சொல்லுங்கள். இல்லாவிட்டால் வகுப்பு தேர்ந்துவிடும்.

சுயஅறிமுகம் முதல் நாளே வரும், நின்றுகொண்டு, நாற்பது பேர் முன்னால். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். “ஹஜிமெமாஷ்தே. இந்தோ நோ மதுரை கரா கிமாஷிதா…” (வணக்கம், இந்தியாவின் மதுரையிலிருந்து வந்திருக்கிறேன்) என்று தொடங்கி, பெயர், பிடித்தது ஒன்று, கடைசியில் “யொரொஷிக்கு ஒநெகாய்ஷிமாஸ்” என்று சொல்லிக் குனிந்தால் முடிந்தது. உங்கள் பெயரோடு நீங்களே ‘சான்’ சேர்க்கக் கூடாது.

ஒரு நல்ல செய்தி. தமிழ்ச் சொல்வரிசைதான் ஜப்பானிய வரிசை, வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டு: ‘நி’ நம் ‘க்கு’, ‘கரா’ நம் ‘இலிருந்து’, ‘மோ’ நம் ‘உம்’, கேள்விக்கு வரும் ‘கா’ நம் ‘ஆ’. ஓனோ சுசுமு என்ற மொழியியலாளர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்காமல் தமிழில் யோசித்து ஜப்பானியச் சொற்களைப் பொருத்துங்கள், வாக்கியம் தானாக அமையும்.

வாசலில்

ஜப்பானிய வீட்டு வாசலுக்கு உள்ளே ‘கென்கான்’ என்ற தாழ்வான பகுதி இருக்கும். அது தெருவின் நீட்சி. அதற்கு மேல் உள்ள படிதான் வீடு. காலணியைக் கழற்றிய காலைத் தாழ்வான தரையில் வைக்காமல் நேரே படிமேல் வைக்க வேண்டும். நாம் வாசலில் செருப்பை விட்டுவிட்டு அங்கேயே நாலடி வெறுங்காலில் நடப்போமே, அந்தப் பழக்கம்தான் இங்கே தப்பு: காலுறையில் தெருத் தூசி ஒட்டி வீட்டுக்குள் வரும். ஏறியபின் மண்டியிட்டுக் காலணியின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். நாடா கட்டும் ஷூவைவிட எளிதில் மாட்டும் ஷூ நல்லது, ஒரு நாளைக்கு எட்டு முறையாவது கழற்ற வேண்டியிருக்கும்.

உள்ளே மரத்தரைக்கு ஸ்லிப்பர். கோரைப்பாய் போன்ற தத்தாமி அறைக்கு வெறும் காலுறை மட்டும். கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர், அது அந்தக் கதவைத் தாண்டி வெளியே வரக்கூடாது. வெளிநாட்டு மாணவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது கழிவறை ஸ்லிப்பரோடு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். சிரித்துவிட்டுத் திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள். பெட்டியின் சக்கரத்தைத் தத்தாமியில் உருட்டாதீர்கள், பாய் கிழிந்தால் மாற்றச் செலவு. கென்கானிலேயே சக்கரத்தைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள்.

முதல் முறை நுழையும்போது “ஒஜமாஷிமாஸ்”. அதன்பின் தினமும் கிளம்பும்போது “இத்தெகிமாஸ்”, நம் ‘போயிட்டு வர்றேன்’ அச்சு அசலாக அதேதான். திரும்பும்போது “ததாய்மா”. சத்தமாகச் சொல்லுங்கள். சத்தம் காட்டாமல் மாடியேறிப் போகிறவரை அந்த வீடு விருந்தாளியாகவே வைத்திருக்கும். காலில் விழுந்து கும்பிட்டால் பதறிப்போவார்கள், கட்டிப்பிடிப்பதும் வேண்டாம். குனிந்து வணங்கினால் போதும். எப்படி அழைப்பது என்று முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலும் “ஒகாசான்”, “ஒதோசான்”, அதாவது அம்மா, அப்பா என்றே அழைக்கச் சொல்வார்கள்.

குளியல்

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் பிசகுவது இங்கேதான். ஜப்பானியத் தொட்டி உடம்பைச் சுத்தம் செய்வதற்கு இல்லை. சுத்தமான உடம்பைச் சூட்டில் ஊறவைப்பதற்கு. ஒரே தண்ணீரில் வீட்டார் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும்.

1. குளியலறைக்கு வெளியே உள்ள சிறு அறையில் உடை களையுங்கள். ஆடையை அழுக்குக் கூடையில் போடுங்கள்.
2. உள்ளே தொட்டிக்கு வெளியே உள்ள முக்காலியில் உட்கார்ந்து ஷவரில் தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நின்றுகொண்டு குளித்தால் நுரை தொட்டிக்குள் தெறிக்கும். சோப்புத் தேய்க்கும்போது ஷவரை நிறுத்துங்கள், கேஸ் கட்டணம் அதிகம்.
3. நுரை துளிகூட இல்லாமல் அலசியபின் தொட்டி மூடியைச் சுருட்டித் தள்ளி இறங்குங்கள். நீளக் கூந்தலை மேலே கட்டுங்கள். துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.
4. ஐந்து, பத்து நிமிடம் போதும். தலை சுற்றினால் எழுந்து விளிம்பில் உட்காருங்கள்.
5. விழுந்த முடியை எடுத்துப் போட்டு, தரையை ஷவரால் அலசி, மூடியைத் திரும்பப் போட்டு வெளியே வாருங்கள். அடைப்பானை இழுக்காதீர்கள்.

கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. உங்களுக்குப் பின் குளிப்பவர் இருப்பார். நீங்களே கடைசி என்றாலும், பல வீடுகளில் அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு மறுநாள் துணி துவைக்க எடுப்பார்கள்.

தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு மிதந்தாலும் தொட்டித் தண்ணீர் எல்லாருக்கும் பாழ். இரண்டு முறை ஷாம்பு போட்டுப் போகாத எண்ணெயோடு தொட்டியில் இறங்காதீர்கள். தலையணை உறையிலும் கறை படியும், அதன்மேல் ஒரு துண்டு விரித்துப் படுங்கள். வாரம் ஒரு நாள் எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் அன்று ஷவர் மட்டும்.

சுவரில் உள்ள பலகையில் சூட்டைக் காட்டும் எண் இருக்கும். எந்தப் பொத்தானைத் தொடலாம் என்று முதல் நாள் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஆறியிருந்தால் ‘ஒயிதாகி’ என்ற மறுசூட்டுப் பொத்தான். ‘யொபிதாஷி’ என்பது அழைப்பு மணி. தெரியாமல் அழுத்தினால் ஹோஸ்ட் அம்மா பதறி ஓடிவந்து கதவைத் தட்டுவார். எந்த நேரம் உங்கள் முறை என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் இரவுதான். காலைக் குளியல் நமக்கு இயல்பு, அவர்களுக்கு அவசர நேரத்தில் இடைஞ்சல்.

கழிவறை பற்றி இரண்டே வரி. தண்ணீர் விடும் பிடியில் இரண்டு எழுத்து இருக்கும்: கையைக் காலை விரித்து நிற்கும் மனிதன் போன்றது பெரிய அளவு, நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு சிறு கீற்று உள்ளது சிறிய அளவு. டாய்லெட் பேப்பர் கிண்ணத்துக்குள்ளேயே போகலாம். நாப்கினுக்கு மூடியிட்ட பெட்டி உண்டு, இல்லாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள். கழுவும் பொத்தானை அழுத்துமுன் நிறுத்தும் பொத்தான் எது என்று பார்த்து வையுங்கள்.

அறையும் துணியும்

ஃபுத்தோன் மெத்தையைத் தினமும் காலையில் மடித்து அலமாரிக்குள் வைக்க வேண்டும். நாள் முழுக்கத் தரையில் கிடந்தால் உடம்பு ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், தத்தாமியும் கெடும். அறையில் சற்று உயர்ந்த, ஓவியமோ பூவோ வைத்த மாடம் இருந்தால் அது ‘தொகொனோமா’. பெட்டி வைக்கும் இடமல்ல. கதவு வைத்த கறுப்பு அல்லது பழுப்பு மரப்பெட்டிக்குள் படமும் ஊதுபத்திக் கிண்ணமும் இருந்தால் அது முன்னோர் பீடம். நம் பூஜை அறை போல நினைத்து நடந்துகொண்டால் தப்பு வராது.

துவைக்கப் போடுமுன் பையைத் துழாவுங்கள். ஒரு டிஷ்யூ காகிதம் மறந்துபோனால் வீட்டார் எல்லாருடைய கறுப்புத் துணியிலும் வெள்ளைத் துகள் ஒட்டும். சாயம் போகும் நம் ஊர்ப் பருத்தியை ஊரிலேயே மூன்று முறை தனியாக அலசி எடுத்து வாருங்கள். உள்ளாடையை நீங்களே துவைப்பதா, கூடையில் போடுவதா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

குப்பை ஒரு தனிப் பாடம். எரியக்கூடியது, பிளாஸ்டிக், பாட்டில், டப்பா என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வைத்திருப்பார்கள். ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். பெட் பாட்டில் எனப்படும் பிளாஸ்டிக் குளிர்பானப் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, உள்ளே அலசி, நசுக்கிப் போட வேண்டும். குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் நாட்காட்டியைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

உட்கார்ந்ததும் கை கூப்பி “இததாகிமாஸ்”, முடித்ததும் “கொச்சிசோசாமா தெஷிதா”. சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், மிசோ சூப் வலப்பக்கம். கிண்ணத்தை இடது கையால் தூக்கி நெஞ்சருகே பிடித்துச் சாப்பிடுவதுதான் அங்கே மரியாதை; இடக்கை கூடாது என்று வளர்ந்த நமக்குக் கை தயங்கும், தயங்க வேண்டாம். கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து சாப்பிடுவதைத்தான் அவர்கள் அசிங்கமாக நினைப்பார்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், இறந்தவருக்குப் படைப்பது அப்படி. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவு மாற்றாதீர்கள், எரித்தபின் எலும்பு பொறுக்குவது அப்படி. சோற்றின்மேல் சாஸ் ஊற்றிப் பிசைவதும் வேண்டாம். நூடுல்ஸை உறிஞ்சி ஓசை எழுப்பலாம்.

சைவர்களுக்கு இது கடினமான பகுதி. பூசி மெழுகுவதில் பயனில்லை. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தாஷி’ என்ற சாறு. அதில் பெரும்பாலும் ‘கத்ஸுவோபுஷி’ என்ற காய்ந்த மீன் சீவல் இருக்கும். மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, வேகவைத்த கீரை, உருட்டிய முட்டை, நத்தோ என்ற புளித்த சோயா அவரையோடு வரும் சிறு சாஸ் பாக்கெட் எல்லாவற்றிலும் அது உண்டு. கடையில் வாங்கும் குழம்புக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருப்பது சாதாரணம். “நான் நிகு (இறைச்சி) சாப்பிட மாட்டேன்” என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டு அதே குழம்பைத் தருவார்கள். சாலட்டில் ஹாம் வரும், மீன் வரும். ஏமாற்ற அல்ல, அந்தச் சொல்லுக்கு அவர்கள் காதில் அவ்வளவுதான் பொருள்.

ஆகவே கிளம்புமுன் வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு கோடு போடுங்கள். மீன் தாஷியை ஏற்பீர்களா, மாட்டீர்களா? ஏற்க முடியும் என்றால் வாழ்க்கை பாதி எளிது. முடியாது என்றால் படிவத்திலேயே தெளிவாக எழுதுங்கள்: மாடு, பன்றி, கோழி, ஹாம், பேகன், மீன், இறால், கத்ஸுவோபுஷி, முட்டை, ஜெலட்டின் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, தப்பு. ‘கொம்பு’ என்ற கடற்பாசியிலும் ‘ஷீத்தாகே’ காளானிலும் தாஷி எடுக்கலாம் என்பது ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியும், கேட்டால் செய்வார். அந்த வீட்டில் தினமும் உங்களுக்கென்று ஒரு தனிப் பாத்திரம் ஏறுகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். டோஃபு, எதாமாமே என்ற பச்சைச் சோயா அவரை, சோறு, ஊறிய காய்கள் என்று உங்களால் உண்ணக்கூடியவற்றின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். எது கூடாது என்பதைவிட எது முடியும் என்பதே சமைப்பவருக்கு உதவும். பன்றி, மது விலக்கு உள்ளவர்கள் மிரின், சமையல் சாக்கே என்ற சமையல் மதுக்கள் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

‘பரவாயில்லை’ என்று பொருள்படும் “தாய்ஜோபு” என்ற சொல்லில் சறுக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கும்போது அதைச் சொன்னால் ‘வேண்டாம், போதும்’ என்றாகிவிடும், பசியோடு எழுந்திருப்பீர்கள். வேண்டுமென்றால் கிண்ணத்தை நீட்டி “ஒகாவாரி” என்று கேளுங்கள். நம் தலையாட்டலும் குழப்பும். பக்கவாட்டில் ஆட்டினால் நமக்கு ‘சரி’. அவர்களுக்கு ‘இல்லை’ அல்லது ‘தெரியவில்லை’. மேலும் கீழும் மட்டும் ஆட்டுங்கள். அவர்கள் “ச்சொத்தோ…” (கொஞ்சம்…) என்று இழுத்து நிறுத்தினால் அது மறுப்பு, மீதி வாக்கியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வெளியே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஆறு மணிக்குச் சமைத்து முடித்தபின் “வேண்டாம்” என்று செய்தி அனுப்புவது அந்த வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய தவறுகளில் ஒன்று. வரத் தாமதமானால் பத்து நிமிடமே என்றாலும் லைன் என்ற செய்திச் செயலியில் ஒரு வரி அனுப்புங்கள்.

பள்ளி

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மதியத்துக்குப் பெந்தோ என்ற சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோவார்கள். அம்மா காலையில் சீக்கிரம் எழுந்து கட்டியது. மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பெட்டியைப் பையிலிருந்து எடுத்துக் கழுவி வைப்பது. மறுநாள் காலை அவர் கட்டத் தேடும்போது அது உங்கள் பையில் நாறிக்கொண்டிருந்தால் வாய்திறந்து எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார்.

பள்ளிக்குள் அணிய ‘உவபாக்கி’ என்ற தனிக் காலணி. ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டர் கணக்கு. காகிதத்தில் நின்று பாதத்தை வரைந்து, குதிகால் முதல் நீண்ட விரல்வரை அளந்து எண்ணைச் சொல்லுங்கள். கைக்குட்டை கட்டாயம், பல பள்ளிக் கழிவறைகளில் கை துடைக்க எதுவும் இருக்காது. பாடவேளை பொதுவாக 50 நிமிடம். தொடக்கத்தில் ஒருவர் “கிரிட்ஸு, ரேய்” என்பார்: எழுந்து, குனிந்து, உட்கார வேண்டும். நாளின் ஒரு பொழுதில் எல்லாரும் துடைப்பம் எடுத்து வகுப்பையும் நடையையும் கழிவறையையும் சுத்தம் செய்வார்கள். விருந்தாளி என்று உங்களை உட்காரச் சொன்னாலும் உட்காராதீர்கள். வகுப்பில் நட்பு கிடைப்பது பேச்சில் அல்ல, பக்கத்தில் நின்று ஒரே தரையைத் துடைப்பதில்தான். இரண்டாவது வழி ‘புகாத்ஸு’ என்ற மாலைநேரக் குழு. மொழி அதிகம் தேவைப்படாத ஒன்றைத் தேர்ந்து முதல் வாரமே சேருங்கள். பார்த்துவிட்டுச் சேரலாம் என்று ஒரு மாதம் தள்ளினால் எல்லாருக்கும் கூட்டு அமைந்துவிடும்.

பாடம் புரியாது. அது இயல்பு. கணக்கும் ஆங்கிலமும் தொடர முடியும். மற்ற வேளைகளில் தூங்காமல், பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுங்கள்.

தெருவும் நிலநடுக்கமும்

சைக்கிள் இடப்பக்கம், நம் ஊர் போலத்தான். இருவர் ஏறுவது, குடை பிடித்து ஓட்டுவது, போன் பார்ப்பது மூன்றும் குற்றம். 2026 ஏப்ரல் முதல் 16 வயது நிரம்பியவர்களுக்குப் போலீஸ் அபராதச் சீட்டே எழுதும். 2023 ஏப்ரல் முதல் ஹெல்மெட் எல்லா வயதினருக்கும் சட்டம் வலியுறுத்துவது. ரயிலில் போன் பேசக் கூடாது.

வந்த முதல் நாளே மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில் அவசரப் பை எங்கே, அருகில் உள்ள ‘ஹினாஞ்சோ’ என்ற தஞ்சமிடம் எது, பள்ளியில் இருக்கும்போது ஆட்டம் வந்தால் யார் வந்து அழைத்துப் போவார்கள். ஜப்பானில் தரை ஆட்டத்தை ‘ஷிந்தோ’ என்ற 0 முதல் 7 வரையான அளவில் சொல்வார்கள். ரிக்டர் எண் அல்ல. போன்கள் ஒன்றாக அலறினால் மேசைக்கு அடியில் புகுந்து மேசையின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே ஓடாதீர்கள், ஓடுகளும் கண்ணாடியும் விழும் இடம் அதுதான். இந்தியாவிலிருந்து கொண்டுபோன போனில் எச்சரிக்கை வராமல் போகலாம், ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். படுக்கையருகே ஒரு ஜோடி காலணி வையுங்கள். போலீஸ் 110, தீயணைப்பும் ஆம்புலன்சும் 119.

14 நாளும் அதன் பிறகும்

மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவருக்கு நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களிலேயே வசிப்பிட அட்டை தருவார்கள். வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் உள்ளூர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். கடவுச்சீட்டு, அட்டை இரண்டும் தேவை. ஹோஸ்ட் பெற்றோரில் ஒருவரை உடன் அழையுங்கள். தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் அதே நாளில் சேர்ந்துவிடலாம். சேர்ந்தால் மருத்துவச் செலவில் பத்தில் மூன்று பங்கு உங்களுடையது, ஏழு பங்கு காப்பீட்டினுடையது. 16 வயது நிரம்பியவர் அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், பக்கத்துக் கடைக்குப் போனாலும். குறுகிய காலத்துக்கு வந்தவருக்கு அட்டை கிடையாது. கடவுச்சீட்டே அந்த இடத்தில்.

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். இங்கே இரவு சாப்பாடு முடித்து எட்டு மணிக்கு அம்மா வீடியோவில் வந்தால் அங்கே பதினொன்றரை. சுவர்கள் மெல்லியவை, தமிழில் நாம் சாதாரணமாகப் பேசுவதே அவர்கள் காதில் சண்டை போலக் கேட்கும். ஞாயிறு காலை என்று ஒரு நேரம் குறித்து, வாரம் ஒரு முறை போதும் என்று கிளம்புமுன்பே சொல்லி வையுங்கள். தினமும் ஊரோடு பேசுபவருக்கு ஜப்பானிய மொழி வருவதில்லை, கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வரும்.

வீட்டில் ஏதாவது சரியில்லை என்றால் ஊருக்குச் சொல்லுமுன் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். ஏ.எஃப்.எஸ். போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் ஹோஸ்ட் குடும்பம் பணம் வாங்காமல் செய்கிறது. பொருந்தாமல் போவதும் நடக்கும், வீடு மாற்றுவதும் நடக்கும். ஆனால் சென்னையிலிருந்து ஒரு கோபமான மின்னஞ்சல் டோக்கியோ வழியாக அந்தச் சிற்றூருக்குப் போய்ச் சேரும்போது சின்ன விஷயம் பெரிதாகிவிடும்.

இரண்டாம் வார இறுதியில் ஒரு நாள் சமைத்துக் கொடுக்கலாம் என்று தோன்றும், நல்லதுதான். முன்பே அனுமதி கேளுங்கள். துவரம்பருப்பு சாதாரணக் கடையில் கிடைக்காது, அதனால் ரசம் நல்ல தேர்வு: தக்காளி, கொண்டுவந்த பொடி, புளிக்குப் பதில் எலுமிச்சை. தாளிக்குமுன் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், கடுகு வெடிக்கும் எண்ணெய் மின் அடுப்பின் கண்ணாடியிலும் வெள்ளைச் சுவரிலும் தெறிக்கும், மிளகாய் கருகினால் கூரையில் உள்ள புகை எச்சரிக்கை மணி அடிக்கக்கூடும். காரம் பாதியாகக் குறையுங்கள். முடிந்ததும் அடுப்பு, சுவர், தரை மூன்றையும் துடைத்து, விசிறியை இன்னும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.